கன உருவும் வெளியும்: ஒரு தோற்றுவாய்

சித்திரம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம்முள்ளத்தில் எழுவது சுவரிலோ துணியிலோ தாளிலோ தீட்டப்பெற்ற ஓவியமே. ஆனால் நம் நாட்டுச் சிற்ப நூலார் இச்சொல்லை ஆண்ட முறை வேறு. எப்பக்கத்தினின்றும் காணுமாறு முழுதுஞ் சமைத்த உருவத்தையே அவர் சித்திரம் என்றனர். சுவரினின்று பாதி புடைத்து நிற்பதனை அர்த்த சித்திரம் என்றனர். வண்ணத்தால் எழுதியதனையோ சித்திராபாசம் என்று கூறி அமைந்தனர். ஆபாசம் என்பது ஈண்டுச் சாயல், போலி என்னும் பொருட்டு. இக்காலத்து உலகவழக்கில் ஏறிய இழிபொருள் அதற்கில்லை. எனவே, எழுதிய உருவம் முழுவுருவின் சாயலே என்பது அவர் கருத்தாதல் பெறப்படும்.

இதனை முதற்கண் கூறப் புகுந்தது சொல்லாராய்ச்சி வேட்கையால் மட்டுமன்று. தமிழ் பயில்வார்க்கு அவ்வேட்கை தீராநோய் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஓவியம் பயிலப் புகும் மாணாக்கர் ஒருவர் இளமைதொட்டு எழுதிப் பழகியன யாவும் தட்டையான பரப்பின்மேல் எழுதியனவே. நீளம், அகலம் என்னும் இரண்டளவுகளே அவர்க்குக் கைவந்தவை. மூன்றாவதாகிய ஆழத்தை அவர் நிழலிட்டும், தொலைவிலுள்ளதனைச் சிறிதாக்கியும், கண்ணை ஏய்த்துக் காட்டப் பயின்றிருக்கின்றார். அத்தகையார் கையில் ஒரு கம்பியையோ அட்டையையோ கொடுத்து, மெய்யான ஆழத்தோடு ஒன்று செய்க என்று பணித்தால் அவர் திகைக்கின்றார். யாது செய்வது என்று அறியாமல், தாம் தாளில் எழுதும் உருவத்தையே அட்டையில் வெட்டி நிறுத்திவிட்டு, கனவுருவம் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்கின்றார். இத்திகைப்பை நீக்கும் பயிற்சி எங்ஙனந் தொடங்கல் வேண்டும் என்னும் வினாவிற்கு ஜெர்மனி தேசத்துக் கலைச்சாலையொன்று சென்ற நூற்றாண்டில் ஒரு விடை கண்டது. அவ்விடையை, ஓவியம் அறியாத எம்போன்றார்க்கும் விளங்குமாறு, ஈண்டு எடுத்துரைக்க முயல்கின்றோம்.

அச்சாலையின் பெயர் பௌஹவுஸ். கட்டுமான மனை என்று தமிழிற் கூறலாம். வால்ட்டர் குரோப்பியஸ் என்னுங் கட்டடக் கலைஞர் அதனை 1919-ஆம் ஆண்டு வைமார் நகரில் நிறுவினார். அவர் வெளியிட்ட முதல் அறிக்கையின் முகப்பில் லயனல் ஃபைனிங்கர் மரத்திற் செதுக்கி அச்சிட்ட பேராலயத்தின் படம் ஒன்று உண்டு. புதுமை நாடிய சாலையொன்று பழைய கோபுரக் கோயிலைத் தன் முகப்பில் இட்டது வியப்பாகத் தோன்றலாம். கல்தச்சன், மரத்தச்சன், கொல்லன், கண்ணாடியில் வண்ணம் அமைப்போன் ஆகிய பலரும் தத்தம் தொழிலைத் தனித்தனியே காட்டாமல், ஒரே வெளியை நிரப்புதற்கு ஒன்றுபட்டு உழைத்த இடம் அஃது ஒன்றே என்பது குரோப்பியஸின் எண்ணம்.

அங்கே சேர்வோர் எவராயினும் நேரே பட்டறைக்குள் புக இயலாது. ஓவியராக வந்தாரும், தச்சராக வந்தாரும், முதலில் ஓர் அடிப்படைப் பயிற்சியை முடித்தல் வேண்டும். அதனை முதலில் நடத்தியவர் யோகானஸ் இட்டன். மூச்சுப் பயிற்சியோடும் உடற்பயிற்சியோடும் வகுப்பைத் தொடங்கும் விந்தை மனிதர் அவர். சொரசொரப்பு, வழவழப்பு, கூர்மை, மழுக்கம், ஒளி, இருள் என முரண்பட்டவற்றை அருகருகே வைத்துக் கையாலும் கண்ணாலும் உணரச் செய்தல் அவர் முறை. 1922-ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் நிகழ்ந்த கண்காட்சியொன்றில் இட்டன், காண்டின்ஸ்கி, கிளே முதலியோரின் படைப்புகள் வங்காள ஓவியரின் படைப்புகளோடு ஒருங்கே வைக்கப்பெற்றன என்பது நம் நாட்டார் நினைவிற் கொள்ளத்தக்கது. அடுத்த ஆண்டே இட்டன் பௌஹவுஸை விட்டு நீங்கினார். அவரிடத்தில் இருவர் வந்தனர்: ஒருவர் ஹங்கேரி நாட்டு லாஸ்லோ மொஹோலி-நாகி, மற்றவர் யோசப் ஆல்பர்ஸ்.

இவ்விருவருள் ஆல்பர்ஸைப் பற்றியே யாம் மிகுதியும் கூற விரும்புகின்றோம். அவர் 1888-இல் பிறந்தவர். ஊர்ப் பள்ளியில் சிறுவர்க்கு எழுத்தறிவித்த உபாத்தியாயர். தம் முப்பத்திரண்டாம் வயதில் வேலையை விட்டுப் பௌஹவுஸில் மாணாக்கராய் வந்து அமர்ந்தார். வண்ணமும் துணியும் வாங்கப் பொருளில்லை. ஒரு சுத்தியலையும் முதுகுப் பையையும் எடுத்துக்கொண்டு நகரத்துக் குப்பைமேட்டிற்குச் சென்று, உடைந்த புட்டிகளைப் பொறுக்கி வந்து, அச்சில்லுகளைச் சேர்த்து ஒளி ஊடுருவும் கண்ணாடிப் படங்கள் அமைத்தார். எதனையும் வீணாக்கலாகாது என்பது பிற்காலத்தில் அவர் வகுப்பின் முதல் விதியாயிற்று. அவ்விதியை அவர் எங்கே கற்றார் என்பதற்கு இக்குப்பைமேடே சான்று.

அவர் முதற்பாடத்தை, மாணாக்கர் ஒருவர் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பால் அறிகின்றோம். ஆசிரியர் ஒரு கட்டுச் செய்தித்தாள்களோடு வகுப்பினுள் வந்தார். அவற்றை மாணாக்கர்க்குப் பகிர்ந்து கொடுத்தார். இத்தாளை மதித்து, இதன் இயல்பை அறிந்து, இப்பொழுது இருப்பதினும் மேலானதொன்றை இதனாற் செய்க. கத்தி, கத்தரிக்கோல், பசை இவற்றின் துணையின்றிச் செய்யக்கூடுமாயின் இன்னும் நன்று என்று பணித்துவிட்டு வெளியே சென்றுவிட்டார். சில மணிநேரங் கழித்துத் திரும்பி வந்து, செய்தன எல்லாவற்றையும் தரையிற் பரப்பச் சொன்னார். கோட்டைகள் இருந்தன, வானூர்திகள் இருந்தன, விலங்குகளும் இருந்தன. இவற்றைக் கல்லாலோ உலோகத்தாலோ இதனினும் நன்றாகச் செய்யலாமே, தாளாற் செய்வானேன் என்று அவர் ஒதுக்கிவிட்டார். பின்னர், யாவரும் பொருட்படுத்தாத ஒன்றைச் சுட்டினார். கட்டடக்கலை பயின்ற ஹங்கேரிய இளைஞர் ஒருவர் தாளை நீளவாட்டில் மடித்து, இறகு விரித்தாற்போல நிறுத்தியிருந்தார். அவர் செய்தது அவ்வளவே.

ஆசிரியர் அதனைப் புகழ்ந்ததற்குக் காரணம் யாது? மெல்லிய தாள் அம்மடிப்பால் விறைப்புற்று, தன் மிகக் குறுகிய விளிம்பின்மேல் நின்றது. மேசைமேற் கிடக்குந் தாளுக்குக் கண்ணுக்குத் தோன்றும் பக்கம் ஒன்றே. மற்றொரு பக்கம் இருந்தும் இல்லாதது. நிற்குந் தாளுக்கோ இரண்டு பக்கங்களும் உயிர்பெறுகின்றன. இதனை யாம் வேறு சொற்களாற் கூறின், இரண்டளவு உடையதாய்க் கிடந்த பொருள் ஒரே மடிப்பால் மூன்றாம் அளவினுட் புகுந்தது எனலாம். கோட்டை செய்தவர் தாளுக்கு ஓர் உருவத்தை வெளியினின்று சுமத்தினார். இவ்விளைஞரோ தாளினுள் உறைந்து கிடந்த ஆற்றலொன்றை வெளிக்கொணர்ந்தார்.

இச்செய்தியைப் படித்த அன்றிரவு, யாமும் விடுதியில் எம் அறைத் தோழர் மூவரும் பழைய செய்தித்தாள்களைப் பகிர்ந்துகொண்டு சோதித்துப் பார்த்தோம். கதையின் முடிவை முன்னரே அறிந்திருந்தும் எமக்கு வாய்த்தவை இரண்டு கப்பல்களும் ஒரு தொப்பியுமே என்பதை நாணத்தோடு கூறுகின்றோம். கை தான் பழகியதையே செய்கின்றது. கணிதம் பயிலுந் தோழர் மட்டும் தாளைச் சுருட்டிக் குழலாக்கி நிறுத்தி, அதன்மேல் தம் உணவுத் தட்டை வைத்தார், தட்டின்மேல் ஒரு நூலை வைத்தார், பின் மற்றொன்று. நான்காம் நூலில் குழல் சாய்ந்தது. தொப்பி செய்தவர் நகைத்தார். ஆனால் ஆல்பர்ஸ் அவ்வறையில் இருந்திருப்பின் எதனைக் கையில் எடுத்திருப்பார் என்பதில் எமக்கு ஐயமில்லை.

மடித்த தாள் விறைப்புறுவது எங்ஙனம் என்பதைச் சிறிது விளக்குவோம். ஒரு தாளை இரண்டு நூல்களுக்கு இடையே பாலம்போல வைத்தால் அது தன் பாரத்தையே தாங்காமல் தொய்கின்றது. அதே தாளைச் சேலைக் கொசுவம் மடிப்பதுபோல முன்னும் பின்னுமாக மடித்து வைத்தால் ஒரு மைக்கூட்டைத் தாங்குகின்றது. தாளின் எடையும் மாறவில்லை, பருமனும் மாறவில்லை. மாறியது அது வெளியில் அடைத்துக்கொண்ட உயரமே. பலகை ஒன்றைப் படுக்கை வாட்டில் வைத்து மிதித்தால் வளையும். அதனையே விளிம்பின்மேல் நிறுத்தி மிதித்தால் வளையாது என்பதைத் தச்சர் யாவரும் அறிவர். அகலம் மாறாத மரச்சட்டம் ஒன்றின் உயரத்தை இருமடங்காக்கினால், வளைவை எதிர்க்கும் அதன் விறைப்பு எண்மடங்காகும் என்பது பொறியியலார் கணக்கு. தகரக் கூரை நெளிநெளியாக இருப்பதும் இதுபற்றியே. இவற்றிற்கெல்லாம் முன்னரே பனைமரம் இதனைக் கற்றிருக்கின்றது. பனையோலை மடிப்பு மடிப்பாக அமைந்திராவிடின் அவ்வளவு அகன்ற இலை காற்றில் விறைத்து நில்லாது. விசிறியைக் கையில் வைத்திருந்தும் இத்தனை ஆண்டுகளாக இதனை நோக்காமல் வீசிக்கொண்டிருந்தோம்.

ஆல்பர்ஸின் வகுப்பில் இதனினும் வியப்பான தாளுருவம் ஒன்று தோன்றிற்று. அதனைச் செய்யும் முறையைக் கூறுவோம். படிப்போர் தாமே செய்து பார்த்தாலன்றி இதன் சுவை விளங்காது. சற்றுத் தடித்த வரைதாளில் கவராயத்தால் ஒரு வட்டம் வரைக. அதனுள்ளே, ஒரு விரலகலத்திற்கு ஒன்றாக, ஒரே மையத்தை உடைய சிறுவட்டங்கள் பலவற்றை வரைக. நடுவிலுள்ள சிறுவட்டத்தை வெட்டி எடுத்துவிடுக; வெளிவட்டத்தையும் வெட்டிக்கொள்க. இப்பொழுது நடுவில் துளையுள்ள தட்டு ஒன்று கிடைக்கும். எஞ்சிய வட்டக் கோடுகளை மழுங்கிய முனையாற் கீறி, ஒன்றை மேடாகவும் அடுத்ததைப் பள்ளமாகவும் மாறி மாறி, பொறுமையோடு சுற்றி மடித்து வருக. பொறுமை என்றோம், யாம் செய்தபொழுது இரண்டு தாள்கள் கிழிந்தன.

மடிப்பு ஆழமாக ஆகத் தட்டு தட்டையாக இருக்க மறுக்கின்றது. எதிரெதிராக உள்ள இரண்டு ஓரங்கள் மேலெழுகின்றன. மற்ற இரண்டு ஓரங்கள் கீழிறங்குகின்றன. குதிரைச் சேணத்தை ஒத்த ஓர் உருவம் கையில் துள்ளி நிற்கின்றது. யாரும் அதனை அவ்வாறு வளைக்கவில்லை. வட்டத்தையே மடித்தோம், வளைவு தானே பிறந்தது.

காரணம் இது: தாள் மடியும், வளையும், ஆனால் நீளாது, சுருங்காது. மேடும் பள்ளமுமாக மடிக்குங்கால் வெளி ஓரம் மையத்தை நோக்கி நெருங்கி வருகின்றது. ஆனால் அவ்வோரத்தின் சுற்றளவோ முன்னிருந்தபடியே இருக்கின்றது. மையத்திற்கும் ஓரத்திற்கும் உள்ள தொலைவு குறைந்து, சுற்றளவு மட்டும் குறையாதிருப்பின், அத்தகைய வட்டத்திற்குத் தட்டையான தரையில் இடமில்லை. மிகுந்த நீளம் எங்கேனும் செல்லல் வேண்டும். மேலும் கீழுமாகச் செல்கின்றது. சில இலைகளின் ஓரம் நெளிநெளியாக இருப்பதும் இதன் இனத்ததே. நடுவினும் ஓரம் மிகுதியாக வளர்ந்துவிட்டால் இலை தட்டையாக இருத்தல் இயலாது. கனவுருவம் என்பது பரப்பின்மேல் ஒட்டிவைக்கும் ஒன்று எனக் கருதியிருந்த எமக்கு, பரப்பே தன்னுள்ளிருந்து கனவுருவை ஈன்றதைக் கண்டபொழுது உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

மொஹோலி-நாகியின் நோக்கு வேறு. ஆல்பர்ஸ் பொருளைப் பற்றிக்கொண்டு வெளிக்குச் சென்றார். இவரோ பொருளைச் சிறிது சிறிதாகக் கைவிட்டு வெளிக்குச் செல்ல விரும்பினார். 1929-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் சிற்பத்தின் வளர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்தார். முதலாவது, வெட்டுண்ட கற்பாளம் போன்ற திண்மை. இரண்டாவது, குழிவும் மேடுமாகக் குடையப்பட்டது. மூன்றாவது, ஊடே துளைக்கப்பட்டது. இதில் வெளி உருவத்தின் உள்ளேயே புகுந்துவிடுகின்றது. நான்காவது, தரையைச் சாராமல் தொங்குவது அல்லது மிதப்பது போன்று சமன்பட்டது. ஐந்தாவது, இயங்குவது. படி ஏற ஏறப் பொருள் குறைகின்றது, வெளி மிகுகின்றது. கீழ்ப்படியிலுள்ளது தாழ்ந்தது என்று இவ்வகுப்பைக் கொண்டால் யாம் உடன்படோம். திண்ணிய கல்லில் நிறைந்து நிற்கும் அமைதிக்கு, அசையும் கம்பி ஈடாகாது. ஆனால் பயிலும் மாணாக்கர்க்கு வழிகாட்டும் ஏணியாக இது மிகவும் பயன்படும்.

ஐந்தாம் படியை விளக்க, உருசிய நாட்டு நவும் காபோ என்பார் 1919-20-இல் செய்த படைப்பொன்றைக் கூறலாம். அது மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றே. அடியிலுள்ள மோட்டார் அதனை அதிர்விக்கின்றது. நிற்கும்பொழுது அது கோடு. அதிரும்பொழுது காற்றில் ஒளி ஊடுருவும் வளைவுடைய தூண்போலத் தோன்றுகின்றது. கண்ணுக்குத் தெரியும் அக்கனவுருவில் பொருள் இல்லை, இயக்கமே உண்டு. கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் தோன்றும் நெருப்பு வட்டத்தை நம் தத்துவ நூலார் பொய்த்தோற்றத்திற்கு உவமை கூறினர். அவர் பொய்யென்று தள்ளியதனையே இவர் கலைக்குப் பொருளாகக் கொண்டார்.

இனி, வெளி என்பதைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். தொடக்கத்தில் மாணாக்கர் யாவரும் பொருளையே நோக்குவர். பொருளைச் சூழ்ந்தும் பொருளுக்கு இடையிலும் உள்ள வெற்றிடத்தை எஞ்சியதாக எண்ணி விட்டுவிடுவர். எஞ்சியது என்று ஒன்று இருத்தலாகாது என்பது ஆல்பர்ஸின் கொள்கை. தாளை வெட்டினால் வெட்டுண்ட துண்டும், அது நீங்கிய துளையும் ஒருங்கே பயன்படல் வேண்டும். இதே சாலையில் பயின்று பின் ஆசிரியரான மார்செல் பிராயர் 1925-இல் அமைத்த நாற்காலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மிதிவண்டியின் கைப்பிடி வளைவைக் கண்டு, எஃகுக் குழாயை வளைத்து அவர் அதனைச் செய்தார். பழைய பஞ்சணை நாற்காலியின் பருவுடல் முழுதும் நீங்கி, அதன் விளிம்புகள் மட்டும் குழாயாக நிற்கின்றன. இடையே சில துணிப்பட்டைகள். அமர்வோரைச் சூழ்ந்திருப்பது காற்றே. 1926-ஆம் ஆண்டு டிசம்பரில் தெஸ்ஸௌ நகரில் திறக்கப்பெற்ற பௌஹவுஸின் புதுக் கட்டடத்திற்கும் முகம் என்று ஒன்றில்லை. எப்புறத்தில் நின்று நோக்கினும் ஒரு பகுதி மறைகின்றது. சுற்றி நடந்தாலன்றி அதன் வடிவம் பிடிபடாது. ஓவியத்தை நின்ற இடத்தினின்று காண்கின்றோம்; கனவுருவையோ காலாலும் காணல் வேண்டும்.

இச்சாலையைப் புகழ்ந்து கூறும் யாம் அதன் குறையொன்றையும் மறைத்தல் முறையன்று. ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி யாவரையும் சேர்ப்போம் என்று முதலில் அறிவித்த பௌஹவுஸ், பெண்கள் திரளாக வந்து சேர்ந்தபின் அவர்களுட் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்கே அனுப்பிற்று. பெண்ணின் கைக்குத் தட்டைப் பரப்பே இசையும், கனமும் வெளியும் ஆணுக்குரியன என்னும் எண்ணம் அக்காலத்துப் பலர்பால் இருந்தது. இதற்கு மறுமொழி வாதத்தால் வரவில்லை. ஒரு தேநீர்க் கெண்டியால் வந்தது.

மரியன்னே பிராண்ட் என்னும் பெண்மணி 1893-இல் பிறந்தவர். ஓவியமும் சிற்பமும் முன்னரே பயின்றவர். 1924-இல் பௌஹவுஸிற் சேர்ந்து அடிப்படைப் பயிற்சி பெற்றார். மொஹோலி-நாகியின் தூண்டுதலால் உலோகப் பட்டறைக்குட் புகுந்தார். உலோகத் தொழிலில் பெண்ணுக்கு என்ன வேலை என்று எண்ணிய உடன்பயில்வோர் அவரிடம் சலிப்பூட்டும் சிறுவேலைகளையே தள்ளினர். எளிதில் உடையும் உலோகத் தகட்டில் சிறு அரைக்கோளங்களை எண்ணிறந்தனவாக அடித்துக்கொண்டேயிருந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கின்றார். அவ்வாண்டிலேயே அவர் செய்த கெண்டியின் உடல் ஓர் அரைக்கோளம் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அவ்வரைக்கோளம் சிலுவைபோற் குறுக்கிட்ட இரண்டு சட்டங்களின்மேல் அமர்ந்திருக்கின்றது. மேலே வட்டமான மூடி, நடுவில் இல்லாமல் ஒருபுறமாகத் தள்ளி வைக்கப்பட்டுள்ளது. கருங்காலியாலாகிய கைப்பிடி அரைவட்டமாக எழுந்து நிற்கின்றது. உயரம் ஒரு சாணுக்கும் குறைவு. கோளம், வட்டம், குறுக்குச்சட்டம் என்னும் மூன்று எளிய வடிவங்களுக்கு இடையே காற்று தங்கியிருக்கும் இடங்களும் அளந்து அமைத்தனவாகவே தோன்றுகின்றன. 1928-இல் மொஹோலி-நாகி நீங்கியபொழுது அவ்வுலோகப் பட்டறையின் பொறுப்பு இவர் கையிலேயே வந்தது.

அரசியல் புயலில் அச்சாலை நெடுநாள் நிலைக்கவில்லை. 1932-இல் தெஸ்ஸௌ நகர மன்றத்தில் நாஜிகள் வலுப்பெற்று அதனை மூடினர். பெர்லினில் கைவிடப்பட்டிருந்த தொழிற்சாலையொன்றில் அது ஒண்டிற்று. 1933 ஏப்ரலில் காவலர் சோதனையிட்டுக் கதவுகளை முத்திரையிட்டனர். ஜூலையில் ஆசிரியர்கள் கூடிச் சாலையைக் கலைத்தனர். அவ்வாண்டின் இறுதியில் ஆல்பர்ஸ், ஆங்கிலம் நன்கு அறியாதவராய், அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்துப் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குச் சென்று சேர்ந்தார். தாளை மடித்துக் காட்டுதற்கு மொழி மிகுதியும் வேண்டுவதில்லை. 1937-இல் மொஹோலி-நாகி சிக்காகோவில் புதிய பௌஹவுஸைத் தொடங்கினார். 1950-இல் ஆல்பர்ஸ் யேல் பல்கலைக்கழகத்திற்கு மாறினார். இங்ஙனம் பரவிய பயிற்சியின் சாயலை 1961-இல் நம் நாட்டு அகமதாபாத்தில் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் முதலாண்டுப் பாடத்திலும் காணலாம்.

யாம் செய்த சேண உருவம் எம் அறைச் சன்னலின்மேல் நின்றது. ஐப்பசி மழையின் ஈரத்தில் அதன் இரண்டு செவிகளும் மெல்லத் தாழ்ந்தன. எறிந்துவிடலாம் என்றார் தொப்பி செய்த தோழர். கணிதத் தோழரோ, வெயில் வரும்வரை இருக்கட்டும் என்றார். மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் பார்த்தபொழுது ஒரு செவி நிமிர்ந்திருந்தது. மற்றொன்று இன்னும் ஈரத்தோடு சாய்ந்தே இருந்தது.